எழுத்துப்பூர்வக் கேள்வி: அமைச்சகம் நழுவ முடியாதபடி எழுதுவது எப்படி?

நெல்லைச்சீமை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு மக்களவை உறுப்பினருக்காக எழுத்துப்பூர்வக் கேள்விகளை, அதாவது அன்ஸ்டார்டு கேள்விகளை, வரைந்து தரும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் பழைய பதில்களைப் புரட்டினால் பெரும்பாலானவை மூன்றே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. "இத்தகைய தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்பது ஒன்று. "விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன, அவை மேஜையில் வைக்கப்படும்" என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம்: "(அ) முதல் (ஈ) வரை" என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு பக்கத்துக்குத் திட்டத்தின் வரலாறு. கேட்ட எண் மட்டும் அதில் இருக்காது.

கையில் எடுத்திருப்பவை மூன்று: கிடப்பில் இருக்கும் ரயில் பாதைகள், கழிவுநீர்த் தொட்டி மரணங்கள், மாவட்ட மருத்துவமனைகளில் மருத்துவர் காலியிடம். இரண்டாவதற்கு எழுதிய வரைவு இது:

"(அ) கையால் மலம் அள்ளும் தொழிலாளர்கள் நாடெங்கும் தொடர்ந்து உயிரிழந்து வருவது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, (ஆ) ஆம் எனில் அதன் விவரம், (இ) இந்தக் கொடுமையைத் தடுக்கத் தவறியதற்குக் காரணம் என்ன, (ஈ) அரசு எடுத்துள்ள நடவடிக்கை என்ன?"

இதில் என்ன பிழை? எந்தத் தேதிக்குள், எத்தனை கேள்வி கொடுக்கலாம்? மழுப்பலான பதில் வந்தால் அதற்குப் பிறகு என்ன செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு எழுதியது:

உங்கள் வரைவையே எடுத்துக்கொள்வோம். நான்கு உட்பிரிவிலும் அமைச்சகம் வெளியேற வாசல் திறந்திருக்கிறது.

முதலில் (இ). மக்களவை நடைமுறை விதி 41 கேள்விக்குள் வாதம், அனுமானம், அடைமொழி, பழிச்சொல் எதையும் அனுமதிப்பதில்லை. "கொடுமை", "தவறியது" இரண்டும் அதில் மாட்டும். செயலகம் அந்த உட்பிரிவை வெட்டலாம், கேள்வியையே ஏற்காமலும் விடலாம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது விவாதத்தில் பேசும்போது வரட்டும். கேள்வித்தாளில் அளவும் தேதியும் சட்டப்பிரிவும் போதும்.

பெரிய ஓட்டை (அ)-வில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு சொற்களைத் தனித்தனியாக வரையறுக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பிடத்திலிருந்து மனிதக் கழிவைக் கையால் அகற்றுபவர் ஒரு வரையறை. கழிவுநீர்க் குழாயையோ தொட்டியையோ உரிய பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்கிச் சுத்தம் செய்வது "அபாயகரமான சுத்திகரிப்பு" என்ற வேறு வரையறை. நம் பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றுதான். அமைச்சகத்தின் பதிவேட்டில் இரண்டும் வேறு வேறு. அதனால்தான் 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, கையால் மலம் அள்ளியதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அதே ஆண்டில் அதே அமைச்சகம்தான், 2020 டிசம்பர் 31 வரையான ஐந்து ஆண்டுகளில் கழிவுநீர்க் குழாய், தொட்டிகளைச் சுத்தம் செய்கையில் 340 பேர் இறந்தார்கள் என்றும் நாடாளுமன்றத்தில் சொன்னது. பூஜ்யமும் 340-ம் ஒரே ஆண்டில், ஒரே அமைச்சகத்திலிருந்து. இரண்டு பதிலும் அவரவர் கேட்ட சொல்லுக்குக் கிடைத்தவை. ஆகவே எழுத உட்காரும் முன் அந்தப் பொருளை ஆளும் சட்டத்தின் வரையறைப் பிரிவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் சொல்லை அப்படியே போடுங்கள்.

"கவனத்துக்கு வந்துள்ளதா" என்ற தொடக்கத்தைக் கைவிடுங்கள். இதற்கு "இல்லை" என்று ஒரு சொல் வந்தால் போதும், (ஆ), (இ), (ஈ) எல்லாம் "கேள்வி எழவில்லை" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். உட்பிரிவுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாக நிற்க வேண்டும். முதலாவது சரிந்தாலும் மற்றவை பதில் கேட்டபடி இருக்கும்.

இனி "தரவு இல்லை" என்ற பதில். 2020 செப்டம்பர் 14, கொரோனா காலத்துக் கூட்டத்தொடர். கேள்வி நேரம் ரத்தாகி எழுத்துப்பூர்வக் கேள்விகள் மட்டும் இருந்தன. ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்றது பதில். இழப்பீடு பற்றிய உட்பிரிவுக்கு, மேற்கண்டதால் கேள்வி எழவில்லை. ஆனால் ஊர் திரும்பியவர்கள் 1.04 கோடிக்கும் மேல் என்ற எண்ணிக்கை அதே பதிலில் மாநிலவாரியாக இருந்தது. அதே கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம், புலம்பெயர் தொழிலாளர்களை ஊருக்கு அழைத்துச் சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டபோது எண் கிடைத்தது: செப்டம்பர் 9 வரை 97 பேர், அதில் 87 உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, அறிக்கை வந்தவை 51.

அமைச்சகத்துக்கு அமைச்சகம் மனசாட்சி மாறுவதால் வந்த வித்தியாசம் இது என்று நினைத்துவிட வேண்டாம். ரயிலில் ஒரு உடல் கிடந்தால் மாநிலக் காவல்துறை அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 174-இல் வழக்குப் பதிந்தே ஆக வேண்டியிருந்தது. அங்கே ஏடு இருந்தது. நெடுஞ்சாலையில் நடந்துபோய் விழுந்தவருக்குத் தொழிலாளர் அமைச்சகத்தில் ஏடு கிடையாது. கேள்வி எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த எண்ணை யார், எந்தப் படிவத்தில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கிறார்கள்? அது தெரிந்தால் அந்தப் படிவத்தின் பெயரையே கேள்வியில் போடலாம். "பராமரிக்கப்படுவதில்லை" என்று சொல்ல இடமிருக்காது.

படிவமே இல்லை என்றால், இல்லாததையே கேளுங்கள். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்கள் பற்றிய கேள்விக்குச் சுகாதார அமைச்சகம் தந்த பதிலில், ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. "குறிப்பாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்த கேள்வி அங்கிருந்து பிறக்க வேண்டும்: மாநிலங்கள் மரணத்தைத் தெரிவிக்கும் படிவத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று ஒரு கட்டம் இருந்ததா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மத்திய அரசு எந்தத் தேதியில் கடிதம் எழுதியது? இதற்கு "தரவு இல்லை" என்று சொல்ல முடியாது. கேட்பது அவர்களுடைய சொந்தக் கடிதத்தை.

வினாநேரம் எழுதியது:

தேதி, எண்ணிக்கை விவரம் நான் சொல்கிறேன்.

மக்களவையில் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுக்கும் நாளும் பதில் நாளும் கணக்கில் சேராது. அமைச்சகங்கள் ஐந்து குழுவாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் ஒதுக்கப்படும். கூட்டத்தொடர் அறிவித்ததும், எந்த அமர்வுக்கு எந்த அமைச்சகம், அதற்கு நோட்டீஸ் கொடுக்க முதல் நாள் எது, கடைசி நாள் எது என்று அட்டவணை வரும். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். குறுகிய கூட்டத்தொடரில் ஒரு அமைச்சகத்துக்கு மூன்று நாலு வாரம்தான் கிடைக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வாரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் பட்டியலில் ஸ்டார்டு, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி, 20, அன்ஸ்டார்டு 230. மாநிலங்களவையில் 15, 160. மக்களவையில் ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளுக்கு இரண்டும் சேர்த்து ஐந்துக்கு மேல் ஏறாது, அதில் ஸ்டார்டு ஒன்றே ஒன்று. யாருடைய கேள்வி முன்னால் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஸ்டார்டு குலுக்கலில் இடம் கிடைக்காத கேள்வி அன்ஸ்டார்டாக ஏற்கப்படலாம். ஆகவே நல்ல கேள்விக்கு நட்சத்திரம் போட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை. விழுந்தால் அவையில் துணைக் கேள்வி கேட்கலாம். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் அந்த இருபதில் நாலைந்துதான் வாய்மொழியாக வரும். மீதி எல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும். அமளியில் அவை நின்றாலும் எழுத்துப் பதில் நிற்காது. எண்களைத் தேடுகிறவருக்கு அன்ஸ்டார்டுதான் உழுது விதைக்கிற நிலம்.

கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், ஒரே பொருளைப் பற்றி இருக்க வேண்டும். ஏற்கெனவே பதில் வந்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் இருப்பதையும், நீதிமன்றத்தில் இருப்பதையும், நாடாளுமன்றக் குழு பரிசீலித்துக்கொண்டிருப்பதையும் கேட்கக் கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத பொருள் கூடவே கூடாது. உங்கள் மருத்துவமனைக் கேள்வி இந்தக் கடைசி விதியில் விழும். மாவட்ட மருத்துவமனை மாநில அரசுடையது. வழி இருக்கிறது: தேசிய சுகாதார இயக்கத்தில் அந்த மாவட்டத்துக்கு ஒப்புதல் தந்த மருத்துவர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, விடுவித்த தொகை எவ்வளவு, செலவுக் கணக்குச் சான்று வந்த தேதி எது என்று கேளுங்கள். மத்திய நிதி போகும் பாதையைப் பிடித்துப் போனால் மாநிலப் பொருள் என்று தள்ள முடியாது. சுகாதார அமைச்சகத்தின் ஆண்டுப் புள்ளிவிவர வெளியீட்டில் இருக்கும் மாநில மொத்தத்தைக் கேட்காதீர்கள். அது "கிடைக்கும் ஆவணம்". அதில் அச்சாகாத மாவட்டப் பிரிவினையைக் கேளுங்கள்.

அமைச்சகத்தின் பெயர் தவறினால் கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். அதன் நாள் வேறு என்பதால் உங்கள் கணக்கெல்லாம் குழம்பும். சந்தேகமாக இருந்தால் 1961-ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளைப் பாருங்கள். எந்தப் பொருள் எந்தத் துறைக்கு என்று வரிவரியாக இருக்கிறது.

ஒரே மாதிரிக் கேள்வி பலர் கொடுத்தால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிடுவார்கள். அப்போது உங்களுடைய நுட்பமான உட்பிரிவு பொதுவான வாசகத்தில் கரைந்துபோகும். நாளிதழ் தலைப்புச் செய்தியைப் பார்த்து அப்படியே எழுதினால் இதுதான் நடக்கும், அதே செய்தியை நூறு அலுவலகங்கள் படித்திருக்கும்.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் நோட்டீஸ் கொடுக்கும் உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் உறுப்பினருடையவை. அவற்றை வெளியாரிடம் பகிர்ந்தது உள்ளிட்ட குற்றச்சாட்டில் 2023 டிசம்பர் 8 அன்று ஒரு மக்களவை உறுப்பினர் வெளியேற்றப்பட்டார். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள், பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. நீங்கள் வரைவைத் தாளில் கொடுங்கள். உறுப்பினர் படித்து, திருத்தி, தன் கையால் அனுப்பட்டும். அது அவருடைய கேள்வியாக இருக்க வேண்டும்.

இருப்புப்பாதை எழுதியது:

ரயில் பாதைக்கு மட்டும் சொல்கிறேன். மாநிலவாரியாகக் கேட்பது மற்ற அமைச்சகங்களிடம் நல்ல பழக்கம்தான், ரயில்வேயிடம் அது செல்லாது. "தமிழ்நாட்டில் நிலுவையில் உள்ள ரயில் திட்டங்களின் விவரம்" என்று கேட்டால் முதல் வரியே தயாராக இருக்கிறது: ரயில் திட்டங்கள் மண்டலவாரியாகவே ஆய்வு செய்யப்பட்டு, ஒப்புதல் பெற்று, நிறைவேற்றப்படுகின்றன, அவை மாநில எல்லை தாண்டிச் செல்வதால் மாநிலவாரியாக இல்லை. பிறகு முழுமையாகவோ பகுதியாகவோ தமிழ்நாட்டில் அமையும் திட்டங்கள் இத்தனை, மொத்த நீளம் இத்தனை கிலோமீட்டர், மொத்தச் செலவு இத்தனை கோடி என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தருவார்கள். எந்தப் பாதை எங்கே நிற்கிறது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் ஒரு பத்தி: திட்டம் முடிவது நிலம் கையகப்படுத்துதல், வன அனுமதி, மின்கம்பம் முதலியவற்றை இடம் மாற்றுதல், அந்தப் பகுதியின் சட்டம் ஒழுங்கு எனப் பலவற்றைப் பொறுத்தது.

ஆகவே திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஒரு கேள்விக்கு ஒரு திட்டம், மிஞ்சினால் இரண்டு. திண்டிவனம்–திருவண்ணாமலை புதிய பாதையை எடுத்துக்கொள்வோம். 2006–07-இல் ஒப்புதல் பெற்றது. இதற்கு நான் கேட்கச் சொல்வது: ஒப்புதலின்போது மதிப்பீடு எவ்வளவு, கடைசியாகத் திருத்திய மதிப்பீடு எவ்வளவு, திருத்திய தேதி எது, சென்ற மார்ச் 31 வரை செலவு எவ்வளவு, கடந்த ஐந்து நிதியாண்டு ஒவ்வொன்றிலும் ஒதுக்கீடு எவ்வளவு, செலவு எவ்வளவு, தேவையான நிலம் எத்தனை ஹெக்டேர், அதில் ரயில்வே கைக்கு வந்தது எத்தனை, நிலத்துக்காக மாநில அரசிடம் கட்டிய தொகை எவ்வளவு, கட்டிய தேதி எது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். மாநிலம் நிலம் தரவில்லை என்று டெல்லியும், டெல்லி பணம் தரவில்லை என்று சென்னையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பணம் கட்டிய தேதியும் நிலம் வந்த தேதியும் அருகருகே இருந்தால் தாமதம் எந்தப் பக்கம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒதுக்கீட்டையும் செலவையும் கண்டிப்பாகத் தனித்தனியாகக் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் ஒதுக்கிவிட்டுப் பட்டியலில் திட்டத்தை உயிரோடு வைத்திருக்கும் வழக்கம் ரயில்வே பட்ஜெட்டில் நீண்ட நாளாக உண்டு. "நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா" என்று கேட்டால் அதற்கும் "ஆம்"தான் பதில்.

"கடந்த மூன்று ஆண்டுகளில்" என்று மொட்டையாக எழுத வேண்டாம். நிதியாண்டா நாட்காட்டி ஆண்டா என்று சொல்லுங்கள். "ஒவ்வோர் ஆண்டும் தனியாக" என்று சேர்க்காவிட்டால் மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக வரும். ஏற்ற இறக்கம் மறைந்துபோகும்.

அவைமேஜை எழுதியது:

பதில் வந்தபிறகு என்ன என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான அலுவலகங்கள் பதிலைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகின்றன. பாதி வேலைதான் அதுவரை முடிந்திருக்கிறது.

"விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன, அவை மேஜையில் வைக்கப்படும்" என்பதைக் கண்டு சோர வேண்டாம். அது அரசு அவைக்குத் தந்த உறுதிமொழிக் கணக்கில் சேரும். "பரிசீலனையில் உள்ளது" என்பதும் அப்படியே. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் இப்படிப்பட்ட வாசகங்களைப் பதில்களிலிருந்து பிரித்தெடுத்து உரிய அமைச்சகத்துக்கு அனுப்பும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழுவிடம் காரணம் சொல்லிக் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். மக்களவைக் குழு 1953 முதல் இருக்கிறது, 15 உறுப்பினர்கள். அதிகாரிகளை நேரில் அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 2018 முதல் இதற்கென்று இணையக் கண்காணிப்பு முறையும் இயங்குகிறது. மாறாக, "தரவு பராமரிக்கப்படுவதில்லை" என்பதில் உறுதிமொழி எதுவும் கிடையாது, கதவை அடைத்துவிடுவார்கள். இரண்டும் தட்டிக்கழிப்பு போலத்தான் தெரியும். முதலாவதில் பிடி இருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு ஏடு இருக்க வேண்டும்: கேள்வி எண், பதில் நாள், எந்த உட்பிரிவுக்கு உறுதிமொழி, மூன்று மாதம் முடியும் தேதி. அந்தத் தேதி தாண்டியதும் குழுத் தலைவருக்கு உறுப்பினர் பெயரில் கடிதம் போகட்டும். பிரித்தெடுத்த பட்டியலில் அந்த வாசகம் விடுபட்டிருந்தால் அதையும் சேர்க்கக் கேளுங்கள். நெடுநாள் ஆனதும் உறுதிமொழியைக் கைவிட அனுமதிக்கச் சொல்லி அமைச்சகம் குழுவிடம் விண்ணப்பிக்கும். அந்தச் சமயத்தில் கேட்ட உறுப்பினரே எதிர்த்து எழுதியிருந்தால் அதற்குக் கனம் உண்டு.

"(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்துக் குழைத்த பதிலுக்கு ஒரு சின்ன வேலை. கேள்வியை இடப்பக்கம், பதிலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் எந்த வாக்கியம் பதில் என்று பென்சிலால் கோடு இழுங்கள். கோடு போய்ச் சேராத உட்பிரிவுதான் உங்கள் அடுத்த கேள்வி. "இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்கு அளித்த பதிலைச் சுட்டி, அதில் (இ)-இல் கேட்ட எண்ணிக்கை தரப்படாத நிலையில்" என்று தொடங்கினால், ஏற்கெனவே பதில் வந்த கேள்வி என்ற தடையும் வராது.

ஸ்டார்டோ அன்ஸ்டார்டோ, வந்த பதிலில் உண்மை விவரம் தெளிவாகவில்லை என்றால் விதி 55-இன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னறிவிப்பு, காரணக் குறிப்பு, உடன் இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து. அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் தவறானது என்பதற்கு ஆவணம் கையில் இருந்தால் சபாநாயகரின் வழிகாட்டுக் குறிப்பு 115-இன்படி அவருக்கு எழுதலாம்.

அந்த ஆவணத்தைப் பெற ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். தேர்தல் பத்திரங்கள் பற்றித் தேர்தல் ஆணையம் கவலை தெரிவித்ததா என்று 2018 குளிர்காலக் கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் கேட்டபோது, அரசுக்கு அப்படி எதுவும் வரவில்லை என்றது நிதி அமைச்சகத்தின் பதில். ஆணையம் 2017 மே மாதமே சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது பிறகு ஆர்டிஐ-யில் வெளிவந்தது. கேட்ட உறுப்பினர் உரிமை மீறல் நோட்டீஸ் கொடுத்தார். எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்கியிருந்ததால்தான் பதிலையும் கடிதத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க முடிந்தது.

பழைய கதைதான் என்றாலும், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் எல்ஐசி பணம் போட்ட முந்த்ரா விவகாரத்தையும் நினைவில் வையுங்கள். 1957-இல் எல்ஐசி எந்த நிறுவனப் பங்குகளை வாங்கியது என்ற மக்களவைக் கேள்வியில்தான் அது தொடங்கியது. முதலில் வந்த பதில் பிடிகொடுக்கவில்லை. பெரோஸ் காந்தி உள்ளிட்டோர் விடாமல் துருவி, டிசம்பர் 16 அன்று விவாதமாக்கினார்கள். நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் பின் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கழிவுநீர்த் தொட்டிக் கேள்வியைத் திருப்பி எழுதியிருக்கிறேன். சமூகநீதி, அதிகாரமளித்தல் அமைச்சருக்கு:

"(அ) 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட அபாயகரமான சுத்திகரிப்பின்போது 2021 முதல் ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டிலும் இறந்தோர் எண்ணிக்கை, மாநிலவாரியாக, (ஆ) உச்ச நீதிமன்றத்தின் 20.10.2023 தீர்ப்புக்குப் பின் இறந்தவர்களில் ரூ.30 லட்சம் இழப்பீடு முழுமையாக வழங்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை. (இ) சட்டப்பிரிவு 9-இன் கீழ் பதிவான வழக்குகள், தண்டனை பெற்றவை, மாநிலவாரியாக. (ஈ) மாநிலங்கள் இவ்விவரங்களை அமைச்சகத்துக்கு அனுப்பும் படிவமும் கால இடைவெளியும், அனுப்பாத மாநிலங்களின் பெயரும். (உ) எங்கள் தொகுதியில் நடந்த மரணத்தில் ஒப்பந்ததாரர் மீது எடுத்த நடவடிக்கை என்ன?"

சரியா?

கோப்புக்கட்டு எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. மூன்று இடத்தில் கை வையுங்கள்.

(உ)-வை எடுத்துவிடுங்கள். தனி வழக்கு, நீதிமன்றத்தில் இருக்க வாய்ப்பு உண்டு, நடவடிக்கை எடுப்பது மாநிலக் காவல்துறை. அந்த ஒரு வரியால் முழுக் கேள்வியும் நிற்கக் கூடாது. அதை மாவட்ட ஆட்சியருக்கு உறுப்பினர் தனிக் கடிதமாக எழுதட்டும், உடனே எழுதட்டும்.

(இ)-யில் "பதிவான" என்பதற்கு முன் "மத்திய கண்காணிப்புக் குழுவுக்கு மாநிலங்கள் தெரிவித்தபடி" என்று சேருங்கள். இல்லையென்றால் காவல்துறை மாநிலப் பொருள் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் குழு இதே சட்டத்தின்படி அமைந்தது, மத்திய அமைச்சர்தான் தலைவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். (உ) போன இடத்தில், கடந்த மூன்று ஆண்டுகளில் குழு கூடிய தேதிகளைக் கேளுங்கள்.

(ஆ) குடும்பங்களுக்கு நேரடியாகப் படும் இடம், அதனால் இன்னும் கவனம் தேவை. 2014 தீர்ப்பில் தொகை ரூ.10 லட்சம், 2023-இல் ரூ.30 லட்சம். 2023 தீர்ப்பு அந்தத் தேதிக்குப் பின் இறந்தவர்களோடு நிற்கவில்லை. அதற்கு முன் இறந்து, அதுவரை இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கும் உயர்த்திய தொகையே உரியது. உங்கள் வாசகம் அவர்களை வெளியே விட்டுவிடுகிறது. இப்படி மாற்றுங்கள்: "(அ)-வில் கண்ட மரணங்களில் ரூ.30 லட்சம் வழங்கப்பட்டவை, ரூ.10 லட்சம் வழங்கப்பட்டவை, அதற்கும் குறைவாக வழங்கப்பட்டவை, எதுவும் வழங்கப்படாதவை எத்தனை, ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக." இந்த நாலு பிரிவின் கூட்டுத்தொகை (அ)-வின் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்தின் எண்ணை வைத்து அடுத்த வாரத்துக்கான நோட்டீஸை எழுதிவிடுங்கள்.